செவிக்கெட்டா ஒலியும் செவிசாய்க்கப்படாத வேதனையும்

கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கிய மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தேவை அக்கருவியை வேண்டி நின்றது, எத்தொழிற்கூடத்தில் அது உருப்பெற்றது, அதன் பயன் யாரை முதலில் அடைந்தது, யாரை நெடுங்காலம் காத்திருக்கச் செய்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. மருத்துவத்திற் கழியொலி புகுந்த வரலாறு இவ்வினாக்களுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மனிதச் செவிக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணுடைய ஒலியே கழியொலி. அதனைக் கருவியாக்கியது போர். முதலாம் உலகப் போரின்போது, நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு, பிரெஞ்சு பௌதிக அறிஞர் போல் லாங்ஜெவின் படிகத்தின் அதிர்வினாற் கழியொலியைக் கடலுட் செலுத்தி எதிரொலியைப் பெற்றார். பிற்காலத்தில் நாசிகளாற் சிறையிடப்பட்டு, 1944 இல் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தவர் இவரே. 1928 இல் சோவியத் அறிஞர் சேர்கேய் சொக்கலோவ், உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்புகளை இவ்வொலியாற் காணலாம் என எடுத்துரைத்தார். பின்னர் கொதிகலன்களையும் கப்பற்றகடுகளையும் சோதிக்கும் கருவிகள் தொழிற்சாலைகளில் இடம்பெற்றன.

அத்தொழிற்சாலையிலிருந்தே மருத்துவம் கருவியை இரவல் பெற்றது. போர்க்காலத்தில் விமானப்படையிற் பணியாற்றிய இயன் டொனால்ட், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியராயிருந்தார். 1955 ஜூலையில், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்புறூ நகரிலிருந்த கொதிகலன் தொழிற்சாலையொன்றுக்கு அவர் சென்றார். உலோகத்தின் குறை காணும் கருவி, நீர் நிறைந்த கட்டியையும் தசை நிறைந்த கட்டியையும் வேறுபடுத்திக் காட்டிற்று. ரொம் பிறவுண் என்னும் இளம் பொறியியலாளரும் மருத்துவர் ஜோன் மக்விக்கரும் துணைநிற்க, 1958 இல் 'லான்செற்' சஞ்சிகையில் அவரது கட்டுரை வெளிவந்தது. குணமாக்கவியலாப் புற்றுநோய் எனக் கைவிடப்பட்டிருந்த பெண்ணொருத்தியின் வயிற்றிலிருந்தது, அகற்றத்தக்க சூலகக் கட்டியே என்பதை அக்கருவி காட்டியிருந்தது.

ஆயினும், பெண்களின் இன்னொரு நோய் இவ்வொலியின் பயனைப் பெற மேலும் பல தசாப்தங்கள் சென்றன. கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெற்றியோசிஸ். 1920களில் அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்சன் அதனை விரிவாக ஆராய்ந்து அப்பெயரால் வழங்கினார். அது குடலினுள் ஆழ ஊடுருவும்போது பெரும்பாலும் நேர்குடலையும் அதனையடுத்த பெருங்குடற் பகுதியையும் பற்றுகின்றது. மாதவிடாய்க் காலத்தில் மலங்கழிப்பதே சித்திரவதையாகின்றது. ஆனால் வேதனையுற்ற பெண்ணுக்குக் கிடைத்த விடை "வெறும் குடற்கோளாறு", அல்லது "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்பதே.

இத்தாமதத்திற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. வயிற்றின் மேலிருந்து செலுத்தும் ஒலியைக் குடல்வாயு தடுக்கின்றது. யோனிவழிச் செலுத்தும் கருவி 1980களிலேயே பரவலாயிற்று. எனினும் அதுமட்டுமே காரணமன்று. 1940களில் பொஸ்ரன் மருத்துவர் ஜோ மெக்ஸ், வசதி படைத்த பெண்கள் திருமணத்தையும் மகப்பேற்றையும் பிற்போடுவதுடன் இந்நோயைத் தொடர்புபடுத்தினார். அதன் நிழலில், வறிய பெண்ணுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் இந்நோய் வராதென்ற எண்ணம் வேரூன்றிற்று. அவர்களுடைய வலி தொற்றுநோயின் கணக்கில் எழுதப்பட்டது. 1976 இல் அமெரிக்க மருத்துவர் டொனால்ட் சற்மன், அவ்வாறு கணக்கெழுதப்பட்ட கறுப்பினப் பெண்கள் பலரிடம் எண்டோமெற்றியோசிஸே இருந்ததை நிறுவினார். தேடப்படாத நோய் காணப்படுவதில்லை. காணப்படாததே, நோய் இல்லை என்பதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

திருப்பத்திற்கு வழிகோலிய ஆய்வுகளுள் ஒன்று பிரேசிலின் சாவோ பாவுலோவில் நிகழ்ந்தது. குடலைத் தூய்மை செய்தபின் யோனிவழிச் சோதனை நடத்திய மருத்துவர் மவுரிசியோ அபிராவோ குழுவினர், 104 பெண்களிடம் பெற்ற முடிவை 2007 இல் வெளியிட்டனர். குடலைப் பற்றிய நோயைக் கண்டறிவதிற் கழியொலியின் உணர்திறன் 98 விழுக்காடு. பெருஞ்செலவுடைய காந்தப் பரிசோதனையினது 83 விழுக்காடு. தேர்ந்த கைகளில் எளிய கருவி முந்திற்று.

அதன் முறை விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. குடற்சுவரின் படைகள் எதிரொலியில் ஒளிர்ந்தும் இருண்டும் தோன்றும். நோய் ஊடுருவிய தசைப்படை தடித்து, கருமையாய்த் தெரியும். மெல்ல அழுத்தும்போது கருப்பையும் குடலும் ஒன்றன்மீதொன்று வழுக்கவேண்டும்; வழுக்காவிடின் அவை ஒட்டியுள்ளன எனக் கொள்ளலாம். சத்திரசிகிச்சை தொடங்குமுன்னரே குடல் வைத்திய நிபுணரும் வேண்டுமா என்பது தெரிந்துவிடுகின்றது. 2016 இல் இச்சோதனைக்கான படிமுறைகளைச் சர்வதேச நிபுணர்கள் வகுத்தனர். நோயறிவதற்கு வயிற்றைத் துளைத்துப் பார்ப்பதே தலையாய அளவுகோல் என்ற நிலையை 2022 இல் ஐரோப்பிய வழிகாட்டி கைவிட்டது.

மேலோட்டமான சிறு புள்ளிகளை இவ்வொலி காட்டுவதில்லை என்பதையும் மறத்தலாகாது. படம் தெளிவாயிருப்பின் வலி பொய் என்பது பொருளன்று.

உலகிற் பிள்ளைபெறும் வயதுப் பெண்களிற் பத்திலொருவர், அதாவது ஏறத்தாழ 19 கோடிப் பேர், இந்நோயால் வருந்துவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. கருவி இன்று பல ஆஸ்பத்திரிகளில் உண்டு. அருகியிருப்பது பயின்ற கண்ணும், ஒரு நோயாளிக்கென ஒதுக்கப்படும் நேரமுமாகும். இவ்விரண்டும் சந்தையில் தாமே விளைபவையல்ல. மக்கள் மருத்துவத்துக்கென ஒதுக்கப்படும் பொதுப்பணத்திலிருந்தும், பயிற்சியிலிருந்தும், மக்களின் கோரிக்கையிலிருந்தும் பிறப்பவை. மாதந்தோறும் வகுப்பில் வெறுமையாகும் ஒரு மாணவியின் இருக்கையைக் கவனிக்கும் ஆசிரியரும் இக்கோரிக்கையில் பங்காளியே.