குஞ்ஞாலி: பெயரும் பழியும்

16ஆம் நூற்றாண்டில் மலபார்க் கரையில் போர்ச்சுகீசியருடன் கடற்போர் புரிந்த குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர் என்பது வழக்கமான கணக்கு. குஞ்ஞாலி மரக்கார் என்பது கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையை நடத்தியோர் வழிவழியாகப் பெற்ற பட்டப்பெயர். போர்ச்சுகீசிய ஏடுகள் இவர்களைக் கொள்ளையர் என்கின்றன. இன்றைய இந்திய நூல்கள் கடற்படைத் தளபதியர் என்கின்றன. ஒரே ஆளைக் குறிக்கும் இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு வரலாற்றாசிரியரைக் காட்டிலும் மொழிபெயர்ப்பாளரை மிகுதியாக இடர்ப்படுத்துவது.

கடற்கொள்ளை இக்கரைக்குப் புதிதன்று. முசிறித் துறையை அடுத்துக் கொள்ளையர் இருந்தமையால் அங்கு இறங்குவது விரும்பத்தக்கதன்று எனப் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதினார். கடலில் பகைவரை அழித்து அவர்தம் கடம்பினை வெட்டிய சேரனைப் பதிற்றுப்பத்து போற்றுகிறது. ஆயினும் போர்ச்சுகீசியர் வருகைக்குப் பின் கொள்ளையன் என்ற சொல் ஏந்திய பொருள் வேறு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்த சில ஆண்டுகளுக்குள், கடலில் செல்லும் கலங்கள் தம்மிடம் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என அவர்கள் விதித்தனர். அச்சீட்டின் பெயர் கர்த்தாஸ். அரபுமொழியின் கிர்தாஸ் என்பதே இதன் மூலம். தமிழின் கடுதாசி, மலையாளத்தின் கடலாசு ஆகியவற்றையும் இச்சொற்குடும்பத்தோடு உறவுபடுத்துவர். சீட்டில்லாக் கலம் கைப்பற்றத்தக்கது. அதனைக் காக்க ஆயுதம் எடுத்தவன் கொள்ளையன். எனவே மலபாரில் கொள்ளையன் என்பது ஒருவன் செய்த தொழிலைக் குறித்ததைவிட, அவன் கையில் ஒரு தாள் இல்லாமையைக் குறித்ததே மிகுதி எனலாம்.

மரக்கார்களின் செயற்களம் மலபாரோடு நின்றதன்று. கொச்சியில் வணிகம் செய்துவந்த இக்குடியினர் போர்ச்சுகீசியர் நெருக்குதலால் பொன்னானிக்குப் பெயர்ந்தனர் என்பர். 1538இல் இவர்களுடைய கடற்படை மண்டபத்தை அடுத்த வேதாளையில் மார்ட்டிம் அஃபோன்சோ ட சூசாவிடம் தோற்றது. அப்போர் நிகழ்ந்த இடம் இராமநாதபுரக் கரை என்பது தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளத்தக்கது.

1571இல் சாலியம் கோட்டை வீழ்ந்தபின், மூன்றாம் குஞ்ஞாலி சாமூதிரியின் இசைவுடன் வடகரைக்கு அருகே ஆற்றுமுகத்தில் ஒரு கோட்டை எழுப்பினார். அவ்விடம் இன்றும் கோட்டக்கல் எனப்படுகிறது. 1595இல் அவருக்குப்பின் வந்த நான்காமவர் முகம்மது அலி மரக்கார் கோட்டையை மேலும் வலுப்படுத்தினார். தம்மை மலபார் முஸ்லிம்களின் அரசர் எனவும் இந்தியக் கடல்களின் தலைவர் எனவும் அவர் அழைத்துக்கொண்டதாகவும், சாமூதிரியின் யானையொன்றின் வாலை அறுத்ததாகவும் போர்ச்சுகீசிய வரலாறுகள் கூறும். இச்செய்திகளை எழுதிய கை எது என்பதைப் பார்த்தல் வேண்டும். மலபார்த் தரப்பின் தலையாய சான்றான சைனுத்தீன் மக்தூமின் துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் என்னும் அரபு நூல் 1583ஆம் ஆண்டோடு முடிகிறது. நான்காம் குஞ்ஞாலியின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதில் இல்லை. யானை வால் கதை நிகழ்ந்ததாகவும் இருக்கலாம்; ஆனால் அது வெற்றி பெற்றோரின் தாளில் எஞ்சிய கதை.

சாமூதிரி போர்ச்சுகீசியருடன் உடன்பாடு செய்துகொண்டார். 1599இல் லூயிஸ் ட காமா நடத்திய முதல் தாக்குதல் பெரும் இழப்புடன் முறிந்தது. அடுத்த ஆண்டு ஆந்திரே ஃபுர்த்தாடோ ட மெந்தோன்சா தலைமையில் கடல்வழியும், சாமூதிரியின் படையால் நிலவழியும் கோட்டை முற்றுகையிடப்பட்டது. உயிர்க்காப்பு உறுதி பெற்று, 1600 மார்ச்சு மாதத்தில் குஞ்ஞாலி வெளிவந்து தம் வாளைச் சாமூதிரியிடம் ஒப்படைத்தார். அக்கணமே ஃபுர்த்தாடோ அவரைப் பற்றிக்கொண்டார். கோவாவில் அவர் தலை வெட்டப்பட்டது. உடல் கூறிடப்பட்டுக் கடற்கரைகளில் வைக்கப்பட்டது. உப்பிட்ட தலை கண்ணூருக்கு அனுப்பப்பட்டுக் கம்பத்தில் நாட்டப்பட்டது. சொல் கொடுத்து மீறியவர்கள் எழுதிய ஏட்டில், கொள்ளையன் என்ற பழி சொல்லை நம்பி வந்தவருக்கே எஞ்சியது.

பழியினும் பெயர் சுவையானது. போர்ச்சுகீசியர் இவரைக் குன்யாலெ என எழுதினர். அவர்தம் எழுத்துமுறையில் 'ன்ய' ஒலிக்கு உரிய என், எச் என்னும் ஈரெழுத்துக் கூட்டு இதில் வருகிறது. அதே எழுத்தர்கள் தஞ்சாவூரை என், ஜே இட்டுத் தஞ்சாவோர் என்றே எழுதினர். ஆகவே இரண்டையும் அவர்கள் காது வேறுபடுத்தியே கேட்டது. தமிழில் குஞ்சு, மஞ்சள், பஞ்சம், கஞ்சி என 'ஞ்ச' வரும் இடங்களில் மலையாளம் குஞ்ஞு, மஞ்ஞள், பஞ்ஞம், கஞ்ஞி எனக் கொள்ளும். ஏ. ஆர். ராஜராஜவர்மா கேரள பாணினீயத்தில் அனுநாசிகாதிப்ரசரம் எனப் பெயரிட்டு, தமிழினின்று மலையாளத்தைப் பிரிக்கும் ஆறு நயங்களுள் முதலாவதாக வைத்தது இம்மாற்றத்தையே. பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியே சித்தூர் வட்டத்துள் செல்வோர் இவ்விரு வடிவங்களையும் ஒரே கடைத்தெருவில் கேட்கலாம். 'இளைய அலி' எனப் பொருள்படும் பெயர் 16ஆம் நூற்றாண்டிலேயே மெல்லொலி இரட்டித்து ஒலித்தது என்பதற்கு, அவரைத் தூக்கிலும் கொடிய தண்டனைக்கு உள்ளாக்கியோரின் எழுத்தே சான்றாகிறது.

தமிழ் நூல்களிலோ குஞ்சாலி என்றே பெரிதும் காண்கிறோம். ஆங்கிலத்தில் மலையாளத்தின் 'ஞ்ஞ'வை என், ஜே என எழுதும் வழக்கிலிருந்து, மூலத்தை நோக்காது பெயர்த்ததன் விளைவு இது. தமிழெழுத்துக்கு இவ்வொலி அயலன்று. விஞ்ஞானம் எழுதும் கை குஞ்ஞாலியையும் எழுதலாம்.

மரக்கார் என்பதோ எளிதில் தீராதது. மரக்கலத்தோடு இயைப்பாரும் உளர். கப்பலைக் குறிக்கும் மர்கப் என்னும் அரபுச் சொல்லோடு இயைப்பாரும் உளர். காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களின் மரைக்காயர் என்னும் வடிவத்தை விட்டு இதனை ஆராய்தல் இயலாது.

சொல்லாட்சிக்கு வருவோம். ஓ. கே. நம்பியார் 1955இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலேயே கொள்ளையர் என்ற சொல்லைப் போர்ச்சுகீசியர்க்கும், கடலோடிகள் என்பதை இந்தியர்க்கும் வழங்கினார். அது திருத்தமா, பழிக்குப் பழியா என்று கேட்கலாம். தளபதி என்னும் சொல்லும் நான்காமவருக்கு முற்றும் பொருந்துவதன்று. தம் அரசனோடு முரணி, அவன் படையாலும் முற்றுகையிடப்பட்டவர் அவர். போர்ச்சுகீசிய மூலத்தைப் பெயர்ப்பவர் கடற்கொள்ளையன் என்பதை மழுப்பாது வைத்து, அது யார் கூற்று என்பது வாக்கியத்திலேயே விளங்கச் செய்வது நேர்மை. தம் உரையில் அச்சொல்லை ஆள்வது வேறு.

2000ஆம் ஆண்டு, அவர் கொலையுண்ட 400ஆம் ஆண்டில், இந்திய அஞ்சல்துறை அவர் பெயரில் தலை வெளியிட்டது. மும்பையிலுள்ள கடற்படைத் தளம் ஒன்றும் குஞ்ஞாலி எனப் பெயர் பெற்றுள்ளது. 2021இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் தமிழில் வந்தபோது தலைப்பிலிருந்த மரக்கார், மரைக்காயர் ஆயிற்று. மொழிபெயர்த்தவர் ஒலியைப் பின்பற்றாது, கீழைக்கரையின் உறவுப் பெயரையே எடுத்தாண்டிருக்கிறார்.