ஊசி போட்டா முட்டை வரும், குஞ்சு வருமா?

திருமங்கலம் பக்கம் கண்மாய் வத்துறப்போ மீன் பிடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? சேத்துக்குள்ள கையை விட்டா எப்பவாவது ஒரு விலாங்கு மாட்டும். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டும்னு பேர் வாங்கின ஆளு. ஆனா விலாங்கு முட்டையை எந்தக் கண்மாய்லயும் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. அது முட்டையிடுறது கடல்ல.

உலகத்துல ரெண்டு விலாங்கு இனங்கள் இப்போ பெரிய சிக்கல்ல இருக்கு. ஐரோப்பிய விலாங்கை 2008-ல மிக அருகிய இனம்னும், ஜப்பானிய விலாங்கை 2014-ல அருகிய இனம்னும் ஐ.யூ.சி.என். பட்டியலிட்டது. "அதான் பண்ணையில வளர்க்குறாங்களே?"ன்னு கேட்கலாம். பண்ணைக்கு வர்ற குஞ்சுகளே கடற்கரையில பிடிக்கிறதுதான். பண்ணை பெருகினா கடல்ல இருக்குறதுதான் குறையும். அதனால, பண்ணையிலயே குஞ்சு பொரிக்க வைக்கணும்.

இந்தியாவுக்கும் ஒரு காலத்துல இதே பிரச்சினை இருந்தது. கெண்டைக் குஞ்சுகளை வெள்ளக் காலத்துல ஆத்துலதான் சேகரிச்சாங்க. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி பிட்யூட்டரி சுரப்பியின் சாறை ஊசியா போட்டு, கெண்டை மீனை முட்டையிட வைத்தார். இன்னைக்கும் ஜூலை 10-தான் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

விலாங்குக்கும் ஊசி வேலை செஞ்சது. 1973-ல ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துல முதல்முறையா குஞ்சு பொரிச்சது. ஆனா சில நாள்லயே எல்லாம் செத்துப்போச்சு. அதுக்கப்புறமும் பல தடவை முட்டை வரும், கரு சரியா வளராது.

தப்பு ஊசியில மட்டும் இல்லை. 1980-களில் ஜப்பானில் தாகேஷி வதனபே குழுவினர் கடல் பிரீம் மீனை வைத்து ஒன்றைக் காட்டினார்கள்: தாய்மீனின் தீனியில் தேவையான கொழுப்பு அமிலங்கள் குறைந்தால், மிதக்கும் நல்ல முட்டைகள் குறையும், பொரிப்பதும் குறையும். முட்டைக்குள்ள இருக்குற கொழுப்புதான் கருவுக்குக் கட்டுச்சோறு. கண்ணும் மூளையும் உருவாக டி.எச்.ஏ. வேணும். கடல் மீன்களால அதைப் போதுமான அளவு தானா தயாரிக்க முடியாது. தாய் சாப்பிட்டாதான் உண்டு. மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-ல கடல்விராலை முட்டையிட வைத்தபோதும், தாய்மீன்களுக்கு மீனும் கணவாயும் கொடுத்துதான் வளர்த்தாங்க.

விலாங்குல இது இன்னும் கடுமை. கடலுக்குக் கிளம்பும்போது அது சாப்பிடுறதையே நிறுத்திடும், குடலும் சுருங்கிடும். ஐரோப்பிய விலாங்கு சார்கசோ கடல் வரைக்கும் 5,000 கிலோமீட்டருக்கு மேல நீந்தணும், முட்டையும் உருவாக்கணும். ரெண்டுக்கும் உடம்புல சேர்த்து வச்ச கொழுப்புதான். அதாவது, கடைசி நேரத்துல நல்ல தீனி போட்டுச் சமாளிக்க முடியாது. வருஷக்கணக்கா முன்னாடி சாப்பிட்டதுதான் முட்டைக்குள்ள போகும்.

சாதாரணப் பண்ணைத் தீனி சீக்கிரம் எடை ஏத்துறதுக்காகச் செய்யுறது. மீன் கொழுகொழுன்னு இருக்கும், ஆனா அந்தக் கொழுப்போட கலவை காட்டு மீனோடது மாதிரி இருக்காது. அதனாலதான் டென்மார்க் ஆய்வாளர்கள் தாய் விலாங்குகளுக்குத் தனித் தீனி தயாரிச்சு, அரக்கிடோனிக் அமிலம் உள்ளிட்டவற்றைக் காட்டு மீன்ல இருக்குற அளவுக்கு நெருக்கமா கொண்டுவரப் பார்த்தாங்க. அதுக்காக அள்ளிப் போடவும் முடியாது. அந்த அமிலம் கூடிப்போன முட்டைகள் தரம் குறைஞ்சிருந்ததை ஜப்பானிய ஆய்வுகள் கவனிச்சிருக்கு. அளவும் விகிதமும் ரெண்டுமே முக்கியம்.

2010-ல ஜப்பான் ஒரு சுற்றை முடிச்சது: பண்ணையில பொரிச்ச விலாங்கு வளர்ந்து, அதுவே அடுத்த தலைமுறைக் குஞ்சைத் தந்தது. ஆனாலும் உலகப் பண்ணைகள் இன்னைக்கும் பெரும்பாலும் கடல் குஞ்சைத்தான் நம்பியிருக்கு.

எங்க வேலையில புரொடக்‌ஷன்ல ஏதாவது உடைஞ்சா, கடைசியா ஓடின வரியைத்தான் முதல்ல திட்டுவோம். தேடிப் பார்த்தா, தப்பான டேட்டா ரெண்டு வருஷம் முன்னாடியே உள்ள வந்திருக்கும். விலாங்கு விஷயத்துலயும் எல்லாரும் ஊசியைத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. பார்க்க வேண்டியது தீனித் தட்டையும்தான்.