ஸ்டெம்மாவும் ஆத்தியும்
இத்தாலியக் குடும்பங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் குடும்பச் சின்னத்தைக் குறிக்கும் ‘ஸ்டெம்மா’வை ‘ராஜமுத்திரை’ ஆக்கியிருந்தார்கள். எனக்கு ஒப்பவில்லை. முத்திரை பதிப்பது, இதுவோ ஒரு குடும்பம் தரிப்பது. கிரேக்கத்தில் ஸ்டெம்மா என்றால் மாலை. ரோமானியர் வீட்டு முன்கூடத்தில் மூதாதையரை மாலைகளால் இணைத்துக் காட்ட, சொல் வம்சாவளியைக் குறித்தது. பின்னர் கேடயச் சின்னத்துக்கு வந்து சேர்ந்தது. இத்தாலியின் பார்பெரினி குடும்பத்தையே பாருங்கள்: அதற்குப் பார்பெரினோ என்ற ஊரால் வந்தது பெயர். முந்தைய பெயர் டஃபானி, அதாவது மாட்டு ஈ, சின்னத்திலும் ஈக்கள்தாம். அந்தஸ்து கூடியதும் அவை தேனீக்களாயின! 1623-இல் அக்குடும்பத்தவர் ஒருவர் எட்டாம் உர்பன் என்ற பெயரில் போப்பாண்டவரானார். மாலையே அடையாளம் என்பது திருச்சிக்காரர்களுக்குப் புதிதல்ல. பாண்டியனுக்கு வேம்பு, சேரனுக்குப் பனை, திருச்சியின் உறையூரில் ஆண்ட சோழனுக்கு ஆத்தி: இரட்டையாய்ப் பிளந்த இலை, வெளிர்மஞ்சள் சிறுபூ. உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளி, உள்ளே அடைபட்ட நெடுங்கிள்ளி இருவரும் சோழர்கள், இருவர் கண்ணியும் ஆத்திதான். எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் கோவூர் கிழார் இடித்துரைத்தது புறநானூற்றின் 45-ஆம் பாட்டு. ஸ்டெம்மாவுக்கு ‘விருது’ பொருந்தியிருக்கும், ஆனால் பட்டப்பெயர், கொடி என்ற பழம்பொருள் போய், அது மேடைப் பரிசாகிவிட்டது. ‘குடி’ என்றால் இன்று மதுக்கடை நினைவு வருகிறது. ஆகவே ‘குலச்சின்னம்’ என்றே எழுதுங்கள்.