லேபிளில் இல்லாத மருந்து

ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இன்னும் இருக்கிறது. மைக் கட்டிய வேனில் வந்தவர்களிடம் அப்பத்தா வாங்கியது. மேலே கொட்டை எழுத்தில் 'சர்க்கரை நோய் வேரோடு நீங்கும்'. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டிய இடத்தில் 'அரிய மூலிகைகள்' என்று மட்டும். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் இதைத்தான் சாப்பிட்டுச்சு. காலில் வந்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கேட்டால், "அம்புட்டுப் பேரும் வாங்குனாகய்யா, நான் மட்டுமா?" என்கும்.

இதை விற்க அனுமதி உண்டா என்று தேடப்போய்த்தான் பேட்டன்ட் மருந்துகளின் வரலாற்றுக்குள் விழுந்தேன். பெயரே ஒரு வேடிக்கை. காப்புரிமை வாங்க வேண்டுமென்றால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டும். இந்த மருந்துகளோ செய்முறையை மறைத்தே பிழைத்தவை. எங்கள் தொழிலில் சொன்னால், சோர்ஸ் கோடு காட்டாத சாஃப்ட்வேர்.

அமெரிக்கா 1906-ல் ஒரு சட்டம் போட்டது. ஓபியம், கொக்கெய்ன், ஆல்கஹால் கலந்திருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், பொய் லேபிள் குற்றம். ஆனால் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விற்ற ஒருவர் மீதான வழக்கில், 1911-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் வேறு மாதிரிச் சொன்னது. மருந்தில் என்ன இருக்கிறது என்று பொய் சொன்னால்தான் இந்தச் சட்டப்படி குற்றம், குணமாகும் என்று பொய் சொன்னால் அதில் வராதாம். அடுத்த வருடமே திருத்தம் வந்தது. அதிலும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும். 'நான் நம்பித்தான் விற்றேன்' என்பவரை என்ன செய்வது? பிரிட்டனின் கதை இன்னும் பாவம். ரகசிய மருந்துகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை 1914 ஆகஸ்ட் 4 அன்று வெளியானது. அன்றுதான் பிரிட்டன் முதல் உலகப் போரில் இறங்கியது. அறிக்கையை யார் படிப்பார்கள்?

இந்தியாவில் பேச்சு கலப்படக் கொய்னாவிலிருந்து சூடுபிடித்தது. மலேரியாவுக்கு இருந்த ஒரே பிடிமானம் அது. 1930-ல் கர்னல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் குழு போட்டார்கள், மறு வருடம் அறிக்கை தந்தது. சட்டம் வந்ததோ 1940-ல். பேட்டன்ட் மருந்தின் லேபிள் பற்றி அதில் விதிகள் இருந்தன. ஆனால் ஆயுர்வேத, யுனானி மருந்துகள் சட்டத்துக்கு வெளியே. 1964 திருத்தத்தில்தான் அவை உள்ளே வந்தன. சித்தா அப்போது ஆயுர்வேதத்தின் அடைப்புக்குறிக்குள் இருந்தது, தனிப்பெயர் கிடைத்தது 1982-ல்.

விளம்பரத்துக்குத் தனிச்சட்டம் 1954-ல் வந்தது. நோய்ப் பட்டியல் ஒன்றைப் போட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரமே செய்யக்கூடாது என்றார்கள். சர்க்கரை நோய் அதில் இருக்கிறது. ஆண்மை விருத்தியும் தடைதான். (பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் லாட்ஜ் டாக்டர்களின் தேதிகளைப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே சிரித்துக்கொள்ளலாம்.) ஹம்தர்த் தவாகானா பேச்சுரிமையைக் காட்டி வழக்குப் போட்டது. இது வியாபாரம், சட்டம் காக்கும் பேச்சு அல்ல என்று 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, பொருட்களைப் பறிமுதல் செய்ய அதிகாரிகளுக்கு இருந்த அதிகாரம் அளவுமீறியது என்று அந்தப் பிரிவை ரத்து செய்தது. 1963-ல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி மறுபடி கொண்டுவந்தது.

தண்டனை முதல் முறை ஆறு மாதம் வரை. கேஸ் போட வேண்டியது மாநில அதிகாரிகள். இந்தக் கடைசிக் கண்ணிதான் எப்போதும் அறுந்து தொங்குகிறது. இந்திய மருத்துவ சங்கம் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் 2024-ல் அதட்டிய பிறகுதான் பதஞ்சலி நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் போட்டது, உத்தராகண்ட் 14 தயாரிப்புகளின் உரிமத்தை நிறுத்தியது. அதே வருடம் ஜூலையில் ஆயுஷ் விளம்பரங்களுக்கு முன் அனுமதி கேட்கும் 170-ம் விதியை மத்திய அரசே நீக்கியது. ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நீக்கத்துக்குத் தடை போட்டது. ஒரு கை கட்ட, இன்னொரு கை அவிழ்க்கிற விளையாட்டு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை. ஒரு செல் நம்பர் மட்டும். போன் போட்டேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள்.

"சொல்லுங்கண்ணே, சக்கரைக்கா, மூட்டு வலிக்கா?"