வாவிக்கரை ஏடும் இணையப் பக்கமும்: ஒரு கைவினையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழ் இலக்கிய வரலாறு புலவர்களின் வரலாறாகவும் நூல்களின் வரலாறாகவும் எழுதப்பட்ட அளவுக்கு, அந்நூல்களின் பக்கங்களை ஆக்கியோரின் வரலாறாக எழுதப்படவில்லை. ஏடு எழுதியோர், அச்சுக் கோத்தோர், இணையப் பக்கத்தை வடிவமைப்போர் ஆகிய மூவரும் ஓர் உழைப்புத் தொடரின் மூன்று கண்ணிகளாவர். இவர்களுள் இறுதியாகக் கூறப்பட்டோரின் கைவினை ஏறத்தாழ முப்பது ஆண்டு வயதினது. ஆயினும், அதன் தொடக்ககால ஆக்கங்களை இன்று காண்பது, நூறாண்டுக்கு முந்திய ஓலைச்சுவடியைக் காண்பதிலும் அரிதாகி வருகின்றது. இம்முரண்பாட்டை மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அனுபவத்தைத் தளமாகக் கொண்டு நோக்குவதே எமது நோக்கமாகும்.

வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துகள் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வந்துள்ளன. கூத்தர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்குக்குரிய பாடல்களை எழுதி வழங்குவதைச் 'சட்டங் கொடுத்தல்' என்பர். முழுப் பிரதி அண்ணாவியாரிடம் இருந்தது. அவரது கலை அதிகாரத்தின் பொருள்வழி அடித்தளங்களுள் அதுவும் ஒன்று. எனினும், சட்டங் கொடுத்தலினூடாகப் பிரதி பலர் கைக்குச் சென்றது. பலர் நினைவிலும் நின்றது. ஏட்டுச் சுவடிகள் பலவற்றின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் காணப்படுதல் தமிழ்ச் சுவடி மரபு. பக்கத்தை ஆக்கியவர் தம் உழைப்புக்குத் தாமே சாட்சியம் வைத்துச் சென்றார் எனலாம்.

அச்சு இவ்வுறவை மாற்றியது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாகத் தமிழகத்தில் வெளிவந்தது. எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் அச்சேறின. ஓரூர் ஏடு பல்லூர் நூலாயிற்று. பிரதேசப் பண்பாடு ஆய்வுப் பொருளாயிற்று. ஆனால் எது அச்சேறும் என்பதை இப்போது பொருள்வளமும் நிறுவன ஆதரவும் தீர்மானித்தன. அண்ணாவிமாரின் பிரதிகளுட் பெரும்பாலானவை அச்சுக்கு வெளியே நின்றன. 1978 நவம்பர் 23ஆம் நாள் அடித்த சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையையும், இடைப்பட்ட போர்க்காலத்தையும் கடந்துவந்த பிரதேசத்தில், ஒரே பிரதியாக இருந்த எதுவும் பாதுகாப்பாக இருந்ததெனக் கூறவியலாது.

இத்தகைய பிரதிகள் இணையமேறுவதற்குத் தமிழெழுத்து முதலில் இணையமேற வேண்டியிருந்தது. அவ்வரலாறு மட்டக்களப்புக்கு வெளியே தொடங்குகின்றது. அதன் முன்னோடிகளுள் முதன்மையானவர் சிங்கப்பூர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமாகிய நா. கோவிந்தசாமி. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிக் கவிதைகளையும் கொண்டு 1995இல் அமைந்த இணையத்தளத்தில் தமிழ் இடம்பெற்றமை அவரது உழைப்பின் பயனாகும். 'கணியன்' என்னும் தமிழ்க் கணினி முறைமையை உருவாக்கிய அவர், 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டுவதிலும் முன்னின்றார், 1999இல் காலமானார். சிறுகதையாசிரியர் ஒருவர் எழுத்தின் தொழினுட்பத்தையும் தம் கையிலெடுத்தமை தற்செயலன்று. மொழியைப் பயன்படுத்துவோரே அதன் உற்பத்திச் சாதனங்களையும் ஆக்கவேண்டிய வரலாற்றுத் தேவை அன்று எழுந்திருந்தது.

அக்காலப் பக்க வடிவமைப்பின் அடிப்படைச் சிக்கல் யாது? எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டு ஒழுங்கைக் கொண்டிருந்தன. ஈழத்தவரிடையே பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் ஆக்கிய பக்கம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். திரையில் தெரிந்தது தமிழ். கணினியுள் இருந்தது தமிழன்று. எனவே வடிவமைப்பாளரின் திறன் முழுவதும் தோற்றத்திலேயே தங்கியிருந்தது. 1999இல் சென்னையில் நடைபெற்ற மாநாடு விசைப்பலகையையும் குறியீட்டையும் தரப்படுத்த முயன்றது. ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடமளிக்கப்பட்டிருந்தபோதும், 2000ஆம் ஆண்டை அடுத்தே அது பொதுப்பயன்பாட்டுக்கு வரலாயிற்று.

இம்மாற்றம் கைவினையின் தன்மையையே மாற்றியது. எழுத்தின் குறியீடு வேறு, வரிவடிவம் வேறு என்றாயின. பக்கத்தின் தோற்றத்தைப் பிறிதொருவர் மாற்றலாம், பிரதி சிதையாது. எழுத்தின் சமூக இயல்புக்கும் எழுத்துருவின் தனித்தனி ஒழுங்குகளுக்கும் இடையிலான முரண்பாடு இவ்வாறு ஒரு படிநிலையில் தீர்ந்தது. முற்றாகத் தீர்ந்ததெனக் கொள்ளல் தவறு. ஒருங்குறியை வகுக்கும் கூட்டமைப்பிற் பெருங்கணினி நிறுவனங்களே வலுவுடையனவாக உள்ளன. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு 'தேஸ்-16' என்னும் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றமை, தமிழெழுத்தின் இயல்பு அதிற் போதியளவு மதிக்கப்படவில்லை என்ற குறையின் வெளிப்பாடாகும்.

இந்நிலையில் மட்டக்களப்பை மீண்டும் நோக்குவோம். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வ உழைப்பால் திரட்டி வருகின்றது. சட்டங் கொடுத்தலைப் போன்றே இதுவும் பிரதியைப் பலர் கைக்குக் கொண்டுசெல்லும் செயல். எனினும், படமாக மட்டும் நிற்கும் பக்கத்திற் சொல்லைத் தேடவியலாது. பழைய எழுத்துருவில் நிற்கும் பக்கமோ மாற்றப்படாவிடின் வாசிக்கவியலாது. இலவச இடமளித்த 'ஜியோசிற்றீஸ்' 2009இல் மூடப்பட்டபோது எண்ணற்ற தனியார் பக்கங்கள் முகவரியிழந்தன. சூறாவளியும் போரும் செய்ததை, இங்கே இலாபக் கணக்கு ஓசையின்றிச் செய்தது.

ஆகவே, வடிவமைப்பாளர் ஒருவரின் முந்திய பணிகளை அவரது தொழில் விளம்பரமாக மட்டும் கருதலாகாது. எந்த எழுத்துருவை ஏன் தெரிந்தார், எதைக் கைவிட்டார், எதை மாற்றியெடுத்தார் என்பன தமிழெழுத்தின் வரலாற்றுச் சான்றுகளாகும். பல்கலைக்கழகங்கள் செய்யவேண்டியன மூன்று: அண்ணாவிமாரிடம் எஞ்சியுள்ள பிரதிகளைப் படமாக்குவதோடு நில்லாது ஒருங்குறியில் எழுத்தாக்குதல், தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்களை அவற்றின் எழுத்துருக்களோடு சேமித்தல், ஒவ்வொரு பக்கத்தின் இறுதியிலும் ஆக்கியவர் பெயரையும் நாளையும் பதிதல். இறுதியாகக் கூறியது புதிய கோரிக்கையன்று. ஏடெழுதியோர் தாமாகவே செய்துவந்ததை நாம் கைவிட்டோம். அதனை மீட்டெடுத்தல் வேண்டும்.