கூம்பும் முன்பெருக்கியும்: கடைமடையில் மெல்லிய குரல்கள்

காரைக்காலம்மையாரின் மூத்த திருப்பதிகத்தைச் செவிக்காகவே வாசிக்கலாம். சுடுகாட்டுக் கூத்தின் நடுவே ஏழிசைகளின் பெயர்களும் ஒரு வாத்தியக் கூட்டமும் அணிவகுத்து நிற்கின்றன. அந்த ஓசை எப்படி இருந்தது என்றறிய வழியில்லை. ஏட்டில் தங்கியவை பெயர்கள் மட்டுமே.

1877-இல் எடிசன் ஒலியையே தங்கவைத்தார். 1902-இல் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாடகர்களை இசைத்தட்டில் ஏற்றத் தொடங்கினார். ஆனால் எல்லா ஒலிகளும் தங்கிவிடவில்லை. அக்காலப் பதிவில் மின்சாரத்துக்கு வேலையில்லை. பாடுபவர் ஒரு பெருங்கூம்புக்குள் பாட, மூச்சின் விசையே ஊசியை அசைத்து மெழுகைக் கீறியது. உரத்த தொண்டைக்கே அங்கு இடம். வெள்ளிக்கிழமை மாலைகளில் சிறு கூட்டத்துக்கு வாசித்த வீணை தனம்மாளின் (1867–1938) நாதம் அந்தக் கூம்புக்கு எட்டியிருக்குமா என்பது ஐயமே. நமக்கு வாய்த்திருக்கும் அவரது இசைத்தட்டுகள் 1925-க்குப் பின் பரவிய மின் ஒலிப்பதிவு முறையின் கொடை.

அந்த முறையின் உயிர்நாடிதான் ப்ரீஆம்ப் எனப்படும் முன்பெருக்கி. ஒலிவாங்கி தருவது மிக நலிந்த மின்னழுத்தம். அதைப் பல நூறு மடங்கு பெருக்கினால்தான் பதிவுக்கு உதவும். பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. இதில் ஒரு பகுதியை யாராலும் நீக்க முடியாது என்பதை 1928-இல் பெல் ஆய்வகத்தின் ஜான்சனும் நைக்விஸ்டும் காட்டினார்கள்: வெப்பம் உள்ள எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் சலசலத்துக்கொண்டே இருக்கும். ஒலிவாங்கிக்கு ஈடாக 150 ஓம் மின்தடையை வைத்து அளந்தால், அறை வெப்பத்தில் இந்தச் சலசலப்பு ஏறத்தாழ மைனஸ் 131 டிபியு. இயற்கை போட்ட தரைமட்டம் அது.

இன்று வீட்டுப் பதிவுக்காக விற்கப்படும் மலிவான யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்களை இந்தத் தரைமட்டத்தோடு ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சுகிறது. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2-வின் மூன்றாம் தலைமுறை (2019) மைனஸ் 128 என்கிறது. நான்காம் தலைமுறை (2023) மைனஸ் 127. ஆடியன்ட் ஈவோ 4 (2020) மைனஸ் 128. அளக்கும் முறையால் ஓரிரு டெசிபல் கூடலாம், குறையலாம்; எப்படிப் பார்த்தாலும் எல்லைக்கு நான்கைந்து டெசிபல் தொலைவில்தான் இவை நிற்கின்றன. ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தை 1985-இல் தொடங்கியவர் ரூபர்ட் நீவ். பெரும் ஸ்டூடியோக்களின் கலவை மேசைகளை வடிவமைத்தவர் அவர். பெரிங்கரின் யூஎம்சி வரிசையோ, அதன் தாய்நிறுவனம் 2009-இல் வாங்கிய மைடாஸின் பெயரைத் தாங்கி வருகிறது. (பெயருக்காகவே கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.) இந்த இரைச்சல் எண்களைப் பெரும்பாலும் பெருக்கத்தை உச்சத்தில் வைத்து அளக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. குமிழைப் பாதியில் வைத்துப் பதிவு செய்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

நம் கடைமடைக்கு இதனால் என்ன? திருநள்ளாற்றிலோ மாங்கனித் திருவிழாவிலோ நாகசுரமும் தவிலும் பதிவுசெய்வோருக்கு ஏதும் இல்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) இந்தப் படுகையில் நாகசுரம் அருகிருந்து கேட்டால் நூறு டெசிபலைத் தாண்டும். சாதாரண டைனமிக் ஒலிவாங்கியே சில மில்லிவோல்ட் தந்துவிடும். எந்த முன்பெருக்கியும் போதும்.

ஒரு முதியவரின் தணிந்த பேச்சு அப்படியன்று. ஓர் அடி தள்ளி வைத்த அதே ஒலிவாங்கியில் அது நாகசுரத்தின் நூறில் ஒரு பங்கு மின்னழுத்தத்தையே எழுப்பும். இங்கேதான் முன்பெருக்கி வேறுபாடு காதில் விழுகிறது. ஈவோ 4-இன் 58 டெசிபல் பெருக்கம் திணறும் இடத்தில் புதிய ஸ்கார்லெட்டின் 69 கைகொடுக்கிறது. காரைக்காலில் இந்தக் குரல்களுக்கு ஒரு தனி அவசரம் உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு மாறியது. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அந்த 1954-இல் இருபது வயதானவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். கொடி இறங்கியதையும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தையும் நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. அவர்களில் யாரும் கூம்புக்குள் கத்தப் போவதில்லை.

கையில் பணம் சிறிதே இருக்குமானால் முன்பெருக்கிக்கு முன் ஒலிவாங்கியைக் கவனிக்கலாம். 48 வோல்ட் ஊட்டம் கேட்கும் கண்டென்சர் வகை, டைனமிக்கைவிடப் பத்து மடங்குக்கு மேல் வலுவான மின்னழுத்தம் தரும். முன்பெருக்கியின் இரைச்சல் அதில் அமுங்கிவிடும். ஆனால் கடலோர ஈரம் அதற்குப் பகை. ஈரம் ஏறிய உறை பொரிகிற சத்தம் எழுப்பும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்திருப்பது நல்லது. மடிக்கணினியை மின்இணைப்பிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் பல வீடுகளில் அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் அடங்கும். மின்விசிறியை நிறுத்துமுன் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.