மறுப்பை மாற்றிய மனு

முலுண்டில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்லூரியிலிருந்து மறுப்புக் கடிதம் வருமாயின், "இனி என் செய்வது?" என்று சோர்ந்துவிடுகிறோம். 1866ஆம் ஆண்டில் நாசிக்கிலே பிறந்த கொர்னீலியா சொராப்ஜியின் வரலாறு நமக்கு வேறு வழி காட்டுகிறது.

புனா டெக்கான் கல்லூரியில் முதன்மையாகத் தேறியும், இங்கிலாந்து சென்று பயிலும் உதவித்தொகை, பெண் என்ற காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. நண்பர்கள் திரட்டிய பொருளுதவியுடன் 1889இல் ஆக்ஸ்போர்டு சேர்ந்தார். அங்கும் ஆடவர் எழுதும் சட்டத் தேர்வுக்கு அவருக்கு அனுமதியில்லை. நண்பர்கள் மனுச் செய்தனர். பல்கலைக்கழகச் சபை தனி ஆணை பிறப்பித்தது. 1892இல் பி.சி.எல். தேர்வெழுதினார், அதனை எழுதிய முதற் பெண்மணி அவரே.

எனினும் பட்டம் அன்று கிட்டவில்லை. ஆக்ஸ்போர்டு பெண்களுக்குப் பட்டமளிக்கத் தொடங்கியது 1920இல்தான். இந்திய நீதிமன்றங்களில் பெண்களுக்கு இருந்த தடை 1923ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கிற்று. மறு ஆண்டே மித்தன் டாட்டா பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார்.

மனு உடனே பலிக்காமலும் போகலாம். ஆயினும் அது இரப்பன்று. மறுப்பின் காரணத்தைக் கேட்டறிந்து, சான்றுகளை இணைத்து, முடிவை மீண்டும் ஆராயுமாறு கோருவது. நம் பிள்ளைகள் அதனை எழுதப் பழகட்டும். நாமும் உடனமர்ந்து உதவுவோமாக.